தனியுரிமை: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘பிரைவசி’ எனப்படும் கருத்தைத் தமிழ் நாளிதழ்கள் ஒரு நாள் ‘அந்தரங்கம்’ என்றும் மறுநாள் ‘தனியுரிமை’ என்றும் எழுதுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. ஆதார் போன்ற அரசின் அடையாளப் பதிவேட்டைப் பற்றிப் பேசும்போது எதை எடுத்தாள்கிறோம் என்பதைப் பொறுத்துக் கேள்வியே மாறிவிடுகிறது.

அந்தரங்கம் வடசொல். உள்ளே என்னும் பொருளுடைய ‘அந்தர்’ என்பதும் பகுதி என்னும் பொருளுடைய ‘அங்கம்’ என்பதும் சேர்ந்தது. இதன் எதிர்ச்சொல் பகிரங்கம். ‘அந்தரங்கக் காரியதரிசி’ என்று கூச்சமின்றி எழுதிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ அச்சொல் உடலையும் படுக்கையறையையுமே முதலில் நினைவூட்டுகிறது. அதைவிடப் பெரிய குறை, எதையும் மறைத்தது அல்லது வெளிப்பட்டது என்று இரண்டாகவே அது பிரித்துவிடுவதுதான். ‘என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று பலரும் கேட்பதற்கு இந்தப் பிரிவினையே இடம் தருகிறது.

காவிரிப் படுகையில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு செல்லும் விவசாயியின் கையில் இருக்கும் தாள்களைப் பார்த்தால் இந்தக் குறை விளங்கும். நில உடைமையைக் காட்டும் அரசுப் பதிவான சிட்டாவை அவர் மறைப்பதில்லை. உரிய எண்களைக் கொடுத்தால் அரசின் இணையதளத்தில் பிறரும் அதைப் பார்க்கலாம். ஆதார் நகலையும் அவர் மறைக்கவில்லை, தாமே நீட்டுகிறார். ஆனால் நெல்லுக்குப் பணம் பெறுவதற்காகத் தந்த நகலை வேறொருவர் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒருவரும் சம்மதிக்கமாட்டார். தந்தது இரகசியம் அன்று. ஆயினும் தந்த நோக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு.

இந்த எல்லையைச் சுட்டத் தனியுரிமை பொருந்துகிறது. ‘உரிய’ என்பதோடு உறவுடைய உரிமை, ஒன்று ஒருவரைச் சார்ந்திருப்பதைக் குறிக்கும். சொத்துரிமை, வாரிசுரிமை முதலாக மாமன் மகளை ‘உரிமைப் பெண்’ என்பது வரை எல்லாவற்றிலும் கேட்கப்படுவது ‘யாருக்கு உரியது?’ என்பதே. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமான ‘பிரிவாத்துஸ்’ பொதுவாழ்விலிருந்து விலகி நிற்பதைச் சுட்டியது. தமிழ்ச் சொல்லில் விலகலைவிட உடைமையே ஓங்கியிருக்கிறது. இது நமக்கு வாய்த்த நன்மை என்றே கருதுகிறேன். 24 ஆகஸ்ட் 2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அடிப்படை உரிமை என்று அறிவித்தது இதைத்தான்.

குழப்பம் தரும் இன்னொரு சொல் பாதுகாப்பு. திருடர் கைக்குப் போகாமல் பதிவேட்டைக் காப்பதும் ‘தரவுப் பாதுகாப்பு’; அதே பதிவேட்டை அரசே திறந்து பார்க்கக் காட்டும் காரணமும் ‘தேசப் பாதுகாப்பு’. பூட்டுக்கும் சாவிக்கும் ஒரே பெயர் வைத்ததுபோல் ஆகிவிட்டது. எந்தத் திருட்டும் நிகழாமல், பதிவேட்டை வைத்திருப்பவரே முறையின்றித் திறந்தாலும் தனியுரிமை மீறப்படும் என்பது இந்தச் சொல்லாட்சியில் கண்ணில் படாமல் போகிறது. திருடரிடமிருந்து காப்பதைத் ‘தரவுக் காப்பு’ என்று எழுதினால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், 33ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில், தேசப் பாதுகாப்பின் பொருட்டு இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஆணையிட்டால் தகவலை வெளியிடலாம் என்றது. அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான குழு அந்த ஆணையை ஆராய வேண்டும் என்றும் விதித்தது. ஆணையிடுபவரும் ஆராய்பவரும் அரசு அதிகாரிகளே. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவை அன்றைய வடிவில் செல்லாது என்று கூறி, இன்னும் உயர்நிலை அதிகாரியோடு நீதித்துறையைச் சேர்ந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் இணைச் செயலாளரைச் செயலாளராக உயர்த்தியது; நீதிபதியைச் சேர்க்கவில்லை. பிற காரணங்களுக்காகத் தகவல் கேட்கப்படும் 1ஆம் உட்பிரிவில் மட்டும் உயர் நீதிமன்ற நீதிபதியின் ஆணையும், ஆதார் எண்ணுக்குரியவரின் தரப்பைக் கேட்பதும் கட்டாயமாயின. ‘எண்ணுக்குரியவர்’ என்னும் போதே அந்த ‘உரிய’ வந்துவிடுகிறது.

எழுதும் முறை பற்றி ஒன்று. ‘தனி உரிமை’ என்று பிரித்தால் சிறப்புச் சலுகை என்றோ ஒரு நிறுவனத்துக்கே உரிய ஏகபோகம் என்றோ பொருள்பட இடமுண்டு. ஆகவே சேர்த்தே எழுத வேண்டும். சட்டம் பற்றிய கட்டுரைகளில் முதல் இடத்தில் ‘தகவல் தனியுரிமை’ என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். நாட்குறிப்புக்கும் கடிதத்துக்கும் அந்தரங்கம் வழக்கம்போல் இருக்கட்டும்.