சிவப்பு ஒளித்துவைத்த முகம்

கண்ணாடி முன் நின்று மருந்தைக் குடிக்கிறார் டாக்டர் ஜெகில். தொண்டையைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார். அந்த அழகான முகம் நம் கண்ணெதிரிலேயே கருக்கிறது. கண்ணுக்குக் கீழே குழி விழுகிறது, கன்னம் ஒட்டுகிறது, மூக்கோரம் கோடுகள் இறங்குகின்றன. இவ்வளவும் நடந்து முடிகிற வரைக்கும் காட்சியில் ஒரு வெட்டுகூடக் கிடையாது.

1931 டிசம்பர் கடைசியில் வெளிவந்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தின் காட்சி இது. இயக்கியவர் ரூபன் மமூலியன். நல்லவரான ஜெகிலாகவும், மருந்தைக் குடித்ததும் அவர் மாறுகிற கொடியவன் ஹைடாகவும் நடித்தவர் ஃபிரெட்ரிக் மார்ச். ஆஸ்கர் விருதும் வாங்கினார். பழைய திகில் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யார் கேட்டாலும் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இதில் கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை, அப்போது கம்ப்யூட்டரே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியியல் பாடம்தான் இங்கே மந்திரமாக வேலை செய்கிறது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு நிறம் என்று ஒன்று தெரியாது. எந்த இடத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை மட்டும்தான் அது பதிந்துகொள்ளும். சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒரே அளவு வெளிச்சத்தை அனுப்பினால், படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான்.

மார்ச்சின் முகத்தில் ஹைடின் சுருக்கங்களையும் நிழல்களையும் சிவப்பு மேக்கப்பால் முன்கூட்டியே வரைந்துவிட்டார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்பு ஃபில்டர். அது சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும். மனிதத் தோல் சிவப்பு ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பக்கூடியது. சிவப்பு மேக்கப்பும் அப்படித்தான். ஆகவே ஃபில்டர் வழியாகப் பார்க்கிற ஃபிலிமுக்குக் கோட்டுக்கும் தோலுக்கும் வித்தியாசமே தெரியாது. முகம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருக்கும்.

இப்போது ஃபில்டரை மெதுவாக நகர்த்தி, அதன் இடத்தில் எதிர்நிறம் ஒன்றைக் கொண்டுவரவேண்டும். பச்சை என்று வைத்துக்கொள்வோம். சிவப்புச் சாயம் பச்சை ஒளியை விழுங்கிவிடும். தோல் அந்த அளவுக்கு விழுங்காது. கோடு போட்ட இடத்திலிருந்து வெளிச்சம் வராததால் அங்கெல்லாம் கருமை ஏறுகிறது. நகர்த்துகிற வேகம்தான் முகம் மாறுகிற வேகம்.

நினைத்துப் பார்த்தால் இதில் இன்னொரு திகில் இருக்கிறது. அந்த ஷாட்டில் ஹைட் எங்கிருந்தோ வந்து சேரவில்லை. ஜெகில் சாதுவாக நிற்கும்போதே ஹைடும் அதே முகத்தில்தான் இருக்கிறான். படப்பிடிப்புத் தளத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோடுகள் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஃபிலிமுக்கு மட்டும் மறைத்திருக்கிறார்கள். ஒரே உடம்பில் இரண்டு பேர் என்ற, இந்தப் படத்துக்கு மூலமான எழுத்தாளர் ஸ்டீவன்சனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தந்திரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தத் தந்திரம் பலிக்க, ஃபிலிம் சிவப்பு ஒளியையும் பதிந்தாக வேண்டும். ஃபிலிமில் இருக்கிற வெள்ளி உப்புகள் இயல்பாக நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் அசையும். சிவப்பு ஒளியின் ஆற்றல் அவற்றுக்குப் போதாது. பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் இருட்டறையில் சிவப்பு பல்பு எரிந்ததும் இதனால்தான்: பிரிண்ட் போடுகிற தாளின் கண்ணுக்கு அந்த வெளிச்சம் இருட்டு. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், வெள்ளி உப்போடு சில சாயங்களைச் சேர்த்தால் அது மற்ற நிறங்களுக்கும் அசைவதைக் கண்டுபிடித்தார். ஒளியைச் சாயம் வாங்கி, அந்த ஆற்றலை உப்புக்குக் கைமாற்றுகிறது. அந்த வழியில் வந்த, எல்லா நிற ஒளியையும் பதிகிற பான்குரோமாடிக் ஃபிலிம் 1920களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் பரவலானது. அதற்கு முந்தைய ஃபிலிமில் சிவப்பு உதடு கறுப்பாகத்தான் விழும். சிவப்பு மேக்கப்பை ஒளித்துவைக்க வழியே கிடையாது.

ஜெகில் படத்தின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் இந்த ஃபில்டர் தந்திரத்தை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்தவர். 1925இல் வந்த ‘பென்-ஹர்’ படத்தில் தொழுநோயாளிகள் குணமாகும் காட்சிக்கு இதே வித்தையைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். அங்கே தழும்புகள் கண்ணெதிரே கரைந்துபோகும். ஒரு படத்தில் தெய்வ அருளைக் காட்டிய அதே ஃபில்டர் இன்னொரு படத்தில் பேயைக் காட்டியிருக்கிறது! மமூலியன் இந்த ரகசியத்தைப் பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை.

ஃபில்டரால் முடியாததும் உண்டு. வரைந்ததை மறைக்கலாம், காட்டலாம். முடியை வளர்க்கவோ பல்லை நீட்டவோ முடியாது. அதனால் முகம் கருத்ததும் கேமரா அறையைச் சுற்றிச் சுழல்கிறது. மறுபடி கண்ணாடிக்கு வரும்போது முழு ஹைட் நிற்கிறான். அந்தச் சுழற்சியில் கேட்கிற இதயத்துடிப்பு மமூலியனுடையது. படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடிவிட்டு, தன் நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

கலர் படம் வந்ததும் இந்த வித்தை செல்லாமல் போயிற்று. ஃபில்டரை நகர்த்தினால் படம் முழுக்கச் சிவந்து பச்சையாகும், குட்டு வெளிப்பட்டுவிடும். கறுப்பு வெள்ளை இருந்தவரை ஓடியது: இத்தாலியில் மாரியோ பாவா 1957இல் ‘இ வாம்பிரி’ படத்தில் ஓர் அழகியை இப்படித்தான் கிழவியாக்கினார்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு முகத்தைப் பென்சிலால் லேசாக வரைந்து, சுருக்கங்களை மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் போடுங்கள். போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, லென்ஸ் முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாளைப் பிடியுங்கள். சுருக்கங்கள் ஏறக்குறைய காணாமல் போகும். தாள் மெல்லியதாக இருந்தால் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பச்சைத் தாளை ஒட்டிக்கொண்டு, லென்ஸ் முன்னால் நிதானமாக இழுத்தால், அந்த முகத்துக்கு வயதாவதைத் திரையில் பார்க்கலாம்.