பாதரசத்தைக் குடலிலேயே மடக்கும் பாக்டீரியா

தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் தென்கரையில் இருக்கிறது ம்வான்சா நகரம். அந்த ஊர் வீடுகளில் அன்றாடம் குழம்புக்குப் போகும் மீனை ‘டகா’ என்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும், வெள்ளியாய் மின்னும். கரை மணலில் பரப்பிக் காயவைத்து, பெரும்பாலும் தலையும் முள்ளுமாய் முழுசாகவே சமைத்துவிடுவார்கள். விலை குறைவு, சத்து அதிகம்.

அந்த ஏரிப் பகுதியில் சிறு தங்கச் சுரங்கங்களும் நிறைய. பொடித்த தாதுவோடு பாதரசத்தைச் சேர்த்துப் பிசைவார்கள். தங்கத் துகள்கள் பாதரசத்தோடு கூடி உருண்டை ஆனதும் நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் பறந்துவிடும், தங்கம் மிஞ்சும். பறந்த பாதரசம் மண்ணிலும் நீரிலும் படிந்து, மீனுக்குள் புகுந்து, கடைசியில் சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிறது. கருவில் வளரும் குழந்தையின் மூளைக்கு அது பெரிய கெடுதல். ஆனாலும் ஒரு கர்ப்பிணியிடம் ‘மீன் சாப்பிடாதே’ என்று சொல்லிவிட முடியுமா? அவருக்குக் கிடைக்கும் நல்ல புரதமே அந்த மீன்தான்.

சரி, வாய்க்குள் போனதை ரத்தத்தில் சேரும் முன் குடலிலேயே மறிக்க முடியுமா? கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகர் ரீட் குழுவினர் கையில் எடுத்த கேள்வி இதுதான். அவர்கள் நம்பியது லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஆர்-1 என்ற பாக்டீரியாவை.

பாதரசம், ஈயம், காட்மியம் எல்லாம் தனிமங்கள். பூச்சிமருந்தை உடைத்துச் சிதைப்பதுபோல் எந்த உயிரும் இவற்றைச் சிதைக்க முடியாது. இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், அவ்வளவுதான். லாக்டோபேசில்லஸ் வகைகள் முக்கியமாகச் செய்வது இடமாற்றம். அவற்றின் செல்சுவர் தடிமனானது. அதில் கார்பாக்சில், பாஸ்பேட் போன்ற வேதித்தொகுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. இவை எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஈயமும் காட்மியமும் நீரில் நேர்மின் அயனிகளாக அலைபவை. இரண்டும் சந்தித்தால், வரப்பில் நடக்கும்போது வேட்டி ஓரத்தில் நாயுருவி ஒட்டிக்கொள்வதைப் போல உலோகம் செல்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வேட்டிக்கு உயிர் இருக்க வேண்டியதில்லை அல்லவா? இங்கேயும் அப்படித்தான். சோதனைக் குழாயில், கொதிக்கவைத்துக் கொன்ற பாக்டீரியாவிலும் உலோகம் ஒட்டுகிறது, அதுவும் சில நிமிடங்களில். ஒட்டிய உலோகம் பாக்டீரியாவோடு சேர்ந்து மலத்தில் வெளியேறிவிடும்.

அமிலம் மிகுந்த இடத்தில் இது சரியாக நடக்காது. ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு அதே இடங்களைப் பிடித்துவிடும். ஆகவே இரைப்பையில் ஒட்டுவது குறைவு. அமிலம் தணியும் சிறுகுடலில்தான் வேலை சூடுபிடிக்கும். உடம்பு உலோகத்தை முக்கியமாக உறிஞ்சுவதும் அதே சிறுகுடலில்தான் என்பது நமக்கு நல்லதாகப் போயிற்று.

பாதரசத்தில் இன்னொரு சாதகமும் உண்டு. மீன் வழியாக வருவது பெரும்பாலும் மெதில் பாதரசம். அது ரத்தத்தில் கலந்த பிறகும், ஒரு பகுதி கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. ஆக, முதல் சுற்றில் தப்பியதை அடுத்த சுற்றில் பிடிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

ரீட் குழுவினர் ம்வான்சாவில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. 60 கர்ப்பிணிகளைப் பிரசவம் வரையிலும், 44 பள்ளிக் குழந்தைகளை 25 நாட்களும் கவனித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஜிஆர்-1 சேர்த்த தயிர் கொடுத்தார்கள். 250 கிராம் தயிரில் சுமார் 1,000 கோடி ஜிஆர்-1 பாக்டீரியாக்கள் இருந்தன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளூர்ப் பெண்கள் குழுக்கள் இந்தத் தயிரைத் தயாரித்து விற்றுவந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த யோசனையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமே அதுதான். பாலும் அடுப்பும் பழகிய கைகளும் போதும், மருந்துத் தொழிற்சாலை தேவையில்லை.

தயிர் சாப்பிட்ட கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பாதரசமும், ஆர்செனிக் என்ற இன்னொரு நச்சுத் தனிமமும் மேலும் ஏறுவது மட்டுப்பட்டது. ஏற்கெனவே இருந்தது துடைத்தெடுக்கப்பட்டுவிடவில்லை. குழந்தைகளிடம் புள்ளியியல்படி உறுதியான பலன் தெரியவில்லை. பங்கேற்றவர்கள் குறைவு, யாருக்குத் தயிர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எனவே இதை ஒரு முன்னோட்டமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்செனிக் விஷயம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. ஆர்செனிக் இந்தக் கதைக்குள் எளிதில் அடங்காது. நீரில் அது பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமலோ எதிர்மின்னூட்டத்தோடோதான் இருக்கும். எதிர்மின் செல்சுவரில் அது ஏன் ஒட்ட வேண்டும்? அப்படியானால் வேறு வழியும் இருக்க வேண்டும். சீனாவின் வூஷி நகரிலுள்ள ஜியாங்னான் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகை ஒன்றைக் கொடுத்தபோது எலிகளின் மலத்தில் காட்மியம் கூடியது, உறுப்புகளில் சேர்வது குறைந்தது. அதோடு, குடல்சுவர் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கமான இணைப்புகளைக் காட்மியம் சிதைப்பதையும் அந்த பாக்டீரியா மட்டுப்படுத்தியது. சுவர் உறுதியாக இருந்தால் எந்த நச்சும் உள்ளே கசிவது குறையும்.

அப்புறம், இதைப் படிப்பவர்கள் எல்லோரும் கேட்கப்போவது: நம் வீட்டுத் தயிர் இதைச் செய்யுமா? உறை மோரில் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். உலோகத்தைப் பிடிக்கும் திறனோ ஒரே இனத்துக்குள்ளேயே வகைக்கு வகை மாறுகிறது. அதனால் பொதுவாக ‘செய்யும்’ என்று சொல்ல முடியாது. ஆனால் தயிரில் கால்சியம் இருக்கிறது. குடலில் ஈயம் கால்சியத்தோடு போட்டிபோட்டுத்தான் உள்ளே நுழைகிறது. இரும்புச்சத்து குறைந்த உடம்போ ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். தயிரோடு கீரையும் பயறும் தட்டில் இருப்பது அந்த வகையில் நல்லது. ரத்தத்தில் ஈயம் மிகுந்துவிட்ட குழந்தைக்கு மட்டும் இதெல்லாம் போதாது. ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும். தேவைப்பட்டால் உலோகத்தைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகளை டாக்டர்தான் தர வேண்டும்.