டிரை ஒயினுக்குத் தமிழ் என்ன?

ஒயின் பாட்டிலில் ‘டிரை’ என்று கண்டதும் ‘உலர் ஒயின்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. பிரெஞ்சில் ‘செக்’, இத்தாலியத்தில் ‘செக்கோ’, ஜெர்மனில் ‘ட்ரோக்கன்’ என எல்லாமே வறண்டது என்னும் பொருளுள்ள சொற்கள்தாம். ஆனால் ஒயினைப் பற்றிப் பேசும்போது அவை சொல்வது ஒன்றே: இனிப்பில்லை.

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிட்டால் டிரை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, நுரைக்காத ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் வரை, அதாவது ஒரு தேக்கரண்டி சர்க்கரை இருக்கலாம்; புளிப்பு மிகுந்ததென்றால் 9 வரை. 45 கிராமைத் தொட்டால்தான் ‘இனிப்பு’ என்று அச்சிடலாம்.

இனிப்பு ஒயின் தேடுகிறவர் ஏமாறுவது ‘ஃப்ரூட்டி’ என்ற சொல்லில். ட்ரோக்கன் என்று போட்ட ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினை மூக்கருகே கொண்டுபோனால் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் மணக்கும். நாக்கிலோ இனிப்பே தட்டாது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் பருகிப் பாருங்கள். ஆப்பிள் காணாமல் போய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சும். விரலை எடுத்ததும் ஆப்பிள் திரும்பி வரும். எனவே ஃப்ரூட்டிக்குப் ‘பழச்சுவை’யைவிடப் ‘பழமணம்’ என்பதே சரி.

மணமும் இனிப்பும் சேர்ந்து வேண்டுமா? இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் மஸ்கட் திராட்சையிலிருந்து செய்யும் ‘மஸ்காட்டோ தாஸ்தி’யிலிருந்து தொடங்கலாம். நொதித்தலைப் பாதியிலேயே குளிரவைத்து நிறுத்துவதால் சர்க்கரை தங்கிவிடுகிறது. ஆல்கஹாலும் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஷாம்பெயினில் கவனம் வேண்டும்: ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது ‘ப்ரூட்’ என்று அச்சிட்ட இனிப்புக் குறைந்த வகையைவிட இனிப்பானது.

ஒயினுக்கே தமிழில் பழைய சொல் இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். தேறுதல் என்றால் தெளிதல். தெளிந்த மது தேறல். கப்பலில் வந்த அந்தப் பானத்துக்கு அவர் முதலில் சொன்னது குளிர்ச்சியும் மணமும்! டிரைக்கு ‘இனிப்பற்ற தேறல்’, இனிப்பானதற்குத் ‘தீந்தேறல்’, ஃப்ரூட்டிக்குப் ‘பழமணத் தேறல்’ என்று எழுதலாம். ஷாம்பெயின் பாட்டிலில் வரும் ‘டெமி செக்’கை மட்டும் ‘அரை உலர்’ என்று எழுதிவிட வேண்டாம். அந்த ஷாம்பெயினில் லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது.