'நீ முன்ன மாதிரி இல்ல' என்று சொல்வதற்கு முன்னால்

உறவில் சிக்கல் என்று ஆலோசனைக்கு வரும் ஜோடிகளில், முதல் நாளே "எங்களுக்குப் பிரச்சினை வேலைதான்" என்று சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. "இவருக்கு என் மேல் பிரியமே போய்விட்டது", "எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டு, சரி, இது எப்போதிலிருந்து என்று கேட்டால் புது மேனேஜர் வந்ததிலிருந்து, டீமில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, இரவு ஷிப்டுக்கு மாறியதிலிருந்து என்று ஏதாவது ஒரு பதில் வரும். சொல்பவருக்கே அப்போதுதான் அது உறைக்கும்.

வேலை அழுத்தம் வீட்டுக்குள் நுழையும்போது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைவதில்லை. குணக்கேடாகத் தெரியும், அலட்சியமாகத் தெரியும், காதல் தீர்ந்துபோன மாதிரி தெரியும்.

ஆபீசில் வாங்கிய திட்டை வீட்டில் கொட்டுவது பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அது உண்டுதான். ஆனால் நான் அதைவிட அதிகமாகப் பார்ப்பது ஒதுங்கிப்போவதை. ரெனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர் 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிடமும் அவர்களுடைய மனைவிகளிடமும் தொடர்ந்து 3 நாட்கள் கேட்டுப் பதிவு செய்தார். வேலை நெருக்கடி அதிகமான நாட்களில் அந்தக் கணவர்கள் வீட்டில் கூடுதலாகக் கத்தவில்லை, பேச்சைக் குறைத்து ஒதுங்கியிருந்தார்கள், கோபத்தைக் காட்டியதும் குறைவுதான். அதுவும் மனைவி அனுசரணையாக இருந்த இடங்களில்தான் இது தூக்கலாகத் தெரிந்தது. சின்ன ஆய்வு, எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் என் அறையில் தினமும் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. பேசாமல் இருப்பவர் தன் வரையில் ஒரு சண்டையைத் தவிர்த்துக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவருக்கு அதே மௌனம் முகத்தில் அடித்தமாதிரி இருக்கும்.

ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மனைவி பேசிக்கொண்டிருக்கும்போது அது மேஜையில் அதிர்ந்தது. கை நகரவில்லை, கண் மட்டும் போய்விட்டு வந்தது. அந்த அம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். "இல்ல, நீ சொல்லு." "நான் என்ன சொல்லிட்டிருந்தேன், சொல்லுங்க பார்ப்போம்." அவருக்குத் தெரியவில்லை. வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவர் மனைவி பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நிஜத்தில், கெடுவுக்குள் வேலையில் முன்னேற்றம் காட்டாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான் என்று அவருக்கு ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதை வீட்டில் சொல்லவே இல்லை. ஏன் என்றால், "சொன்னா பயந்துடுவா." பயத்தை மிச்சப்படுத்தப் போய்ச் சந்தேகத்தை வளர்த்துவிட்டார்.

அழுத்தம் இன்னொரு வேலையும் செய்யும். லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி என்ற உளவியலாளர்கள் இருவரும் புதுமணத் தம்பதிகளைப் பல காலம் தொடர்ந்து கவனித்தபோது, வெளி அழுத்தம் கூடும் காலங்களில் துணையின் சின்னத் தவறுக்குக்கூடப் பெரிய உள்நோக்கம் கற்பிக்கும் போக்கு கூடியது. வாங்கி வரச் சொன்ன மருந்தை மறந்துவிட்டால், சாதாரண நாளில் "பாவம், அலைச்சல்" என்று போய்விடும். அழுத்தமான மாதத்தில் "எனக்கு முடியலன்னா உனக்கு என்ன" என்று போகும். ஆள் அதே ஆள், மறதியும் அதே மறதி.

படுக்கையறை விஷயத்தைப் பலரும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எடுப்பார்கள். நாள்பட்ட அழுத்தமும் தூக்கக் குறைவும் ஆசையைக் குறைக்கும். இதை வைத்து "நான் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டேன்" என்ற முடிவுக்கு அவசரமாக வந்துவிட வேண்டாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளாலும் இப்படி ஆகும், அப்படி இருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? வீட்டுக்குள் வந்ததும் ஒரு வரி. "இன்னிக்கு நாள் மோசம், உன் மேல கோபம் இல்ல, எனக்கு அரை மணி நேரம் குடு." இதில் நடுவில் இருக்கும் துண்டுதான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அரை மணி முடிந்ததும் நீங்களாகவே எழுந்து வர வேண்டும், துணை வந்து கூப்பிடும்வரை போனோடு கிடந்தால் அடுத்த தடவை அந்த வரிக்கு மதிப்பிருக்காது. கேட்பவர்கள் தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள், முக்கியமாக மேனேஜர் பக்கம் சாயாதீர்கள். "நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்பது உண்மையாகவே இருக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். "அதுல எது உனக்கு ரொம்ப உறுத்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு சம்பவத்தை விட்டு ஆளிடம் வரும். சண்டை முற்றிவிட்டால் குறைந்தது 20 நிமிடம் தள்ளி இருங்கள் என்று, தம்பதிகளின் உறவை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் சொல்வார். இதயம் நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டித் துடிக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுமே தவிர மண்டையில் ஏறாது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். அடிப்பது, கேவலமாகப் பேசுவது, போனைப் பிடுங்கிச் சோதிப்பது, பணம் தராமல் படுத்துவது, இவற்றுக்கு வேலை அழுத்தம் காரணம் ஆகாது. திட்டிய மேனேஜரிடம் வாயைத் திறக்காதவர் வீட்டில் மட்டும் கை ஓங்குகிறார் என்றால் அவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, எங்கே காட்டலாம் என்ற கணக்கும் இருக்கிறது. அங்கே ஜோடி ஆலோசனை முதல் படி கிடையாது, பாதிக்கப்படுபவரின் பாதுகாப்புதான் முதலில்.

அப்புறம், சில நேரம் வீட்டில் எவ்வளவு பொறுத்துப்போனாலும் தீராது, ஏனென்றால் கோளாறு வீட்டில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' என்பதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றே வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலை மேல் விலகலோ வெறுப்போ வருவது, திறமை குறைந்துவிட்டதாக உணர்வது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களிடம் "ஒரு டூர் போய்ட்டு வாங்க" என்று நான் சொல்வதில்லை, திரும்பி வந்த திங்கட்கிழமையே எல்லாம் பழையபடி ஆகிவிடும். வேலை நேரம், பொறுப்பு, மேலதிகாரியிடம் எதைக் கேட்டு மாற்றலாம், வேலையை விட்டால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று இருவரையும் சேர்ந்து எழுதிவரச் சொல்வேன். பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் அவர்கள் பயந்த அளவுக்கு மோசமாக இருப்பதில்லை. சில சமயம் அதைவிட மோசமாக இருக்கும், அப்போதும் அது இருவருக்கும் தெரிந்த கணக்காக இருக்கட்டும்.