காலராக் கிருமி தன் நச்சை எப்போது சுரக்கிறது?

காலராவை உண்டாக்கும் விப்ரியோ கிருமி, மனிதக் குடலுக்கு வெளியே கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் வாழ்கிறது. இறாலுக்கு உறவான நுண்ணிய ஓட்டுயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு அங்கே பெருகுகிறது. அந்த நீரில் நச்சு செய்து பயனில்லை, ஆற்றல்தான் வீணாகும். எனவே நச்சு மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டு திறந்து மூடும் விதம் நுண்ணுயிரியலின் மிக அழகான கதைகளில் ஒன்று என்பேன்.

1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே முயலின் குடலில் நீர் கோக்கச் செய்கிறது என்று காட்டினார். பேதிக்குக் காரணம் கிருமி வெளியிடும் நச்சே என்பது அதனால் தெளிவாயிற்று. அந்த நச்சின் மரபணு, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் சுமந்துவந்தது என்று 1996இல் தெரியவந்தது. இரவலாக வந்த மரபணுவைக் கிருமி தன் கட்டுப்பாட்டு வலைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வலையின் நடுவில் இருப்பது டாக்ஸ்-டி என்ற புரதம். கிருமியின் சவ்வில் பதிந்திருக்கும் டாக்ஸ்-ஆர், டிசிபி-பி என்னும் இரு புரதங்கள் சேர்ந்து டாக்ஸ்-டியின் மரபணுவை முதலில் எழுப்புகின்றன. உருவான டாக்ஸ்-டி நச்சு மரபணுவை இயக்குகிறது. கூடவே, குடலில் கிருமிகள் ஒன்றோடொன்று பிணைந்து தங்க உதவும் இழைகளைச் செய்யும் மரபணுத் தொடரையும் இயக்குகிறது. சூட்சுமம் இங்கேதான்: டாக்ஸ்-டியின் மரபணுவே அந்தத் தொடருக்குள் அமைந்திருக்கிறது. இழைகளுக்காகத் தொடர் வாசிக்கப்படும்போது டாக்ஸ்-டியும் கூடுதலாக உருவாகிறது. அது மீண்டும் தொடரை இயக்குகிறது. இதுதான் நேர்மறைப் பின்னூட்டம். ஓர் அளவைத் தாண்டிவிட்டால், தொடக்கத்தில் தூண்டிய குறிப்பு மங்கிய பிறகும் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். மூளையே இல்லாத ஒற்றைச் செல்லுக்கு இது ஒருவகை நினைவாற்றல்.

இந்தச் சுற்று தவறான இடத்தில் பற்றிக்கொள்ளாமலிருக்கவும் வழி உண்டு. குடலின் உட்குழிவில் பித்தநீரோடு வரும் சில கொழுப்பு அமிலங்கள் டாக்ஸ்-டியில் பொருந்தி அதை முடக்கிவிடுகின்றன. சளிப்படலத்தைத் துளைத்துக் குடற்சுவரை நெருங்கினால், செல்கள் சுரக்கும் பைகார்பனேட் அதன் செயலைத் தூண்டுகிறது. சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டோம் என்பதைக் கிருமி வேதிப்பொருள்களைக் கொண்டே அறிகிறது.

இனி அணைக்கும் வேலை. கிருமிகள் சிறு மூலக்கூறுகளை வெளியே விடுகின்றன. கூட்டம் பெருகினால் அவற்றின் அடர்த்தியும் ஏறும். அப்போது ஹாப்-ஆர் என்ற புரதம் பெருகி, ஆஃப்-ஏ என்ற புரதத்தின் உற்பத்தியை அடக்குகிறது. ஆஃப்-ஏ இல்லாமல் டிசிபி-பி உருவாகாது. டாக்ஸ்-டியை எழுப்பும் கை ஓய்ந்துவிடும். ஆஃப்-ஏவும் ஹாப்-ஆரை அடக்கக்கூடியது என்பதால், எப்போதும் ஒன்று ஓங்கினால் மற்றது தாழும். பல நோய்க்கிருமிகள் கூட்டம் சேர்ந்த பிறகே தாக்கத் தொடங்கும். காலராக் கிருமியோ கூட்டம் சேர்ந்ததும் தாக்குதலை நிறுத்துகிறது. அடுத்த பயணம் வெளியே, நீரை நோக்கி என்பதால் இது பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் எல்லாச் செல்களும் ஒன்றாக அணைவதில்லை. வளர்ச்சி ஓயும் கட்டத்தில், ஒரே மரபணுக்களோடு ஒரே திரவத்தில் வளர்ந்த செல்கள் இரு பிரிவாகின்றன: சிலவற்றில் இழை மரபணுக்கள் அணைகின்றன, சிலவற்றில் தொடர்ந்து இயங்குகின்றன. தன்னைத் தானே பெருக்கும் டாக்ஸ்-டி சுற்று இந்தப் பிரிவுக்கு அவசியம். வெளியேறும் கூட்டம் நீருக்கும் அடுத்த குடலுக்கும் ஒரே சமயத்தில் தயாராக இருக்கும் ஏற்பாடு இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுற்றின் மையம் தெரிந்ததால் அதைக் குறிவைக்கவும் முடிந்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட விர்ஸ்டாட்டின் என்ற சிறு மூலக்கூறு, டாக்ஸ்-டியைச் செயலிழக்க வைத்து, எலிக்குட்டிகளின் குடலில் காலராக் கிருமி குடியேறுவதைத் தடுத்தது. சோதனைக் குழாயில் அது கிருமியைக் கொல்லவில்லை. கிருமி வழக்கம்போல் வளர்ந்தது, நச்சும் இழைகளும் மட்டும் வரவில்லை.