தகவலறியும் உரிமை (ஆர்.டி.ஐ.) விண்ணப்பம் கொடுக்கப் போனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு ஐயா, தங்கள் ஒழுங்கை வடிகானுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு, நாலு தரம் நடந்தார். "சேர் மீட்டிங்", "ஃபைல் மேல போயிருக்கு", "திங்கள் வாங்கோ". இரண்டு மாதம் கழித்து, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். கொடுத்ததற்கு அவர் கையில் எந்தத் துண்டுச் சீட்டும் இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை எவரும் அரச நிறுவனங்களிடம் தகவல் கேட்கலாம். பின்னணி இவ்வளவு போதும்.

"எதுக்குக் கேக்கிறீங்க?" என்பார்கள். காரணம் சொல்லவே தேவையில்லை. சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். "ஃபோர்ம் முடிஞ்சுது" என்றால் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், இந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்கவில்லை என்றால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலர்.

"வடிகான் ஏன் இப்படி உடைந்தது?" என்று கேட்காதீர்கள், மழுப்பலான பதில்தான் வரும். ஒப்பந்தத்தின் பிரதி, பணம் கொடுத்த பில்களின் பிரதி என்று ஆவணத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். ஊழல் இருந்தால் அது அந்தத் தாள்களில்தான் இருக்கும். பத்திரிகைக்காரருக்கும் அவைதான் வேண்டும்.

விண்ணப்பம் கிடைத்தது என்று உடனே எழுத்தில் தருவது அவர்கள் கடமை. தர மறுத்தால் சண்டை பிடிக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் நாளை எண்ணுங்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பதில் வரும் வரும் என்று காத்திருந்து, மேன்முறையீட்டுக்கான 14 நாட்களையும் விட்டுவிடுகிறார்கள். பதில் வராமல் கெடு தாண்டினாலே மேன்முறையீடு செய்யலாம். அது முதலில் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று நியமித்த அலுவலருக்குப் போகும். அவருக்கு மூன்று வாரம்.

அங்கேயும் சரிவரவில்லையா? இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். சொத்து விவரம் கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்களின் பட்டியலை ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது நாடாளுமன்றமே மறுத்தது. கொடுக்கச் சொன்னது இந்த ஆணைக்குழு. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உங்கள் விண்ணப்பம், தபால் துண்டு, மேன்முறையீடு மூன்றின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.