சி.பி.டி. தெரபிஸ்ட்: சொல்லும் ஆளும்

ஊட்டியிலும் குன்னூரிலும் ‘தெரபி’ என்றதும் பலருக்கு நினைவு வருவது பிசியோதெரபி, இல்லையென்றால் நீலகிரித் தைலம் தேய்த்துவிடும் ஸ்பா. அதனால் டாக்டர் “சி.பி.டி. தெரபிஸ்டைப் பாருங்கள்” என்று எழுதிக் கொடுத்தால், யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்று வீட்டில் உள்ளவர்கள் திகைத்துப்போகிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஆளைத் தேடுவது கொஞ்சம் எளிதாகும்.

சி.பி.டி. என்பது ‘காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி’ என்பதன் சுருக்கம். எண்ணத்தையும் நடத்தையையும் (பிஹேவியர்) மாற்றிப் பழக்கும் மனநலச் சிகிச்சை இது. கிரேக்க மொழியில் ‘தெரபேயா’ என்றால் பணிவிடை, கவனித்துக்கொள்ளுதல். பிறகுதான் குணப்படுத்துதல் என்ற பொருளும் சேர்ந்தது. நாம் சொல்லும் ‘சிகிச்சை’ வடமொழிச் சொல். அதன் வேரான ‘சித்’ என்பதற்கும் கவனித்தல், உணர்தல் என்றுதான் பொருள். ‘காக்னிட்டிவ்’ லத்தீனில் அறிதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

இந்த ‘அறிதலை’ வைத்துத்தான் ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை’ என்று தமிழில் பரவலாக எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அறிவாற்றல் என்றதும் படிப்பு, புத்திக்கூர்மை, மார்க் என்று மனம் போய்விடுகிறது. “என் பையனுக்கு அறிவில் ஒன்றும் குறையில்லையே” என்று ஒரு தாய் கலங்குவதற்கு அந்தச் சொல்லே காரணமாகிவிடும். ‘அறிகை நடத்தைச் சிகிச்சை’ என்றும் எழுதுகிறார்கள். அது பிழையில்லை, ஆனால் பேச்சில் ஒட்டவில்லை.

இந்தச் சிகிச்சை பிறந்த விதத்தைப் பார்த்தால் பொருத்தமான சொல் தானே வரும். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘எல்லாம் கைவிட்டுப் போச்சு’ என்பதுபோன்ற எண்ணங்கள் அவர்களுக்குள் தாமாகவே சட்டென்று வந்துபோயின. வந்ததும் உண்மை என்றே நம்பப்பட்டன. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்குச் சான்று என்ன என்று கேட்கப் பழக்குவதை அவர் ஒரு முறையாக்கினார். நடத்தையை மாற்றிப் பழகும் முறைகளும் பிற்பாடு அதோடு சேர்ந்தன. ஆகவே ‘எண்ண நடத்தைச் சிகிச்சை’ என்பதே சரி என்பேன். ‘எண்ணுதல்’ என்ற தமிழ்ச் சொல்லில் நினைப்பதும் உண்டு, கணக்கிடுவதும் உண்டு. இங்கே இரண்டும் நடக்கின்றன.

மேட்டுப்பாளையம் மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பும்போது நெஞ்சு படபடத்து, அதன்பின் பஸ் ஏறவே மறுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நல்ல சிகிச்சையாளர் ஒரு தாளில் கட்டம் போடச் சொல்வார்: என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், பயம் நூற்றுக்கு எவ்வளவு, அந்த நினைப்புக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன. ‘மூச்சு நின்றுவிடும்’ என்ற வரிக்கு எதிரே ‘இதுவரை நின்றதில்லை’ என்று அவரே எழுதுவார். அப்புறம் நின்றிருக்கும் பஸ்ஸில் சும்மா உட்காருவது, ஒருநாள் பர்லியார் வரை, இன்னொரு நாள் கல்லாறு வரை என்று படிப்படியாகப் போவார்கள். வீட்டுப்பாடமே இல்லாமல் வாராவாரம் பேச்சு மட்டும் என்றால் அது சி.பி.டி. ஆகாது.

சரி, யாரைத் தேடுவது? ‘தெரபிஸ்ட்’ என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட படிப்பைக் குறிப்பதில்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மாத்திரை எழுதுவார். கவுன்சலரை ‘ஆற்றுப்படுத்துநர்’ என்கிறோம். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை இலக்கியம் நமக்கு இருப்பதால், இது அழகாகப் பொருந்திய சொல். நீங்கள் தேட வேண்டியவர் பெரும்பாலும் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’, அதாவது மருத்துவ உளவியலாளர். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சி.பி.டி.யில் தனியாகப் பயிற்சி பெற்றாரா, ஏறக்குறைய எத்தனை அமர்வு ஆகும் என்றும் கேளுங்கள். ஒரே அமர்வில் குணம் என்று உறுதி கொடுப்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மலையில் இன்னொரு தயக்கமும் உண்டு. சின்ன ஊர், சந்தைக்குப் போனால் எல்லோரும் தெரிந்த முகம். அதற்காகவே பலர் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். மண் சரியும் மழைக்காலத்தில் தொடர்ந்து போக முடியாமல் பாதியில் நிறுத்தியும் விடுகிறார்கள். முதல் சந்திப்பை நேரில் வைத்துக்கொண்டு மற்றதை வீடியோ காலில் தொடர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். செலவு கட்டாது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசி, அடுத்து எங்கே போவது என்றும் கேட்கலாம்.